பூட்டு விழுந்ததாகச் சொன்ன விளக்கு

கிரவுன் என்று கூப்பிட்டால்தான் அந்த மெக்கானிக் திரும்பிப் பார்ப்பார். ஜீப்பின் பின் அச்சுக்கு நடுவில் பூசணிக்காய் மாதிரித் தொங்குமே டிஃபரன்ஷியல், அதற்குள் இருக்கிற பெரிய பல்சக்கரத்துக்குக் கிரவுன் என்று பேர். பழைய மலையேறும் ஜீப்புகளில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான், அதனால் வந்த பட்டம். அதில் அவருக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. “நான் மூடின பூசணிக்காயை இன்னொருத்தன் திறந்ததா சரித்திரமே கிடையாது” என்பார், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

அப்பேர்ப்பட்டவர் அன்று காலை ஆற்று அளவை அலுவலகத்தின் முற்றத்தில், சேறு அப்பிய ஒரு ஜீப்புக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றார். மலையோடைகளில் தண்ணீர் எவ்வளவு ஓடுகிறது என்று அளப்பவர்களை ஏற்றிப் போகும் ஜீப் அது. இரண்டு நாளைக்கு முன்னால் மழையில் ஊறிய ஏற்றத்தில் பின்னுக்கு வழுக்கி, பள்ளத்தில் சாய்ந்துவிட்டது. அளவைக்காரப் பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. ஓட்டிக்கொண்டு போனவர் வேறு யாருமில்லை, கிரவுனின் தங்கை புருஷன்தான். அலுவலகத்தில் அவருக்கு ‘நிதானம்’ என்று பேர். முன்னால் ஒரு கோழி போனால்கூட ஹாரன் அடிக்காமல் அது ஒதுங்கும்வரை காத்திருப்பார்.

மேலாளர் அம்மா விஷயத்தைச் சுற்றி வளைக்கவில்லை. “இவர் டிஃப் லாக்கைப் போட்டுட்டுத்தான் ஏறினேங்கிறார். ஆனா ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுத்துச்சு, இன்னொன்னு அசையவே இல்லன்னு இந்தப் பொண்ணு சொல்லுது. எது நெஜம்?”

கேள்வி சரியான கேள்விதான். சாதாரணமாக ஒரு பின்சக்கரம் சேற்றில் பிடி விட்டால் இன்ஜினின் பலமெல்லாம் அந்தச் சக்கரத்துக்கே போய்விடும். அது சுற்றிக்கொண்டே இருக்கும், கெட்டித் தரையில் நிற்கிற சக்கரம் வேடிக்கை பார்க்கும். சீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் லீவரை இழுத்தால் டிஃபரன்ஷியலுக்குள் ஒரு பூட்டு விழும், அதுதான் டிஃப் லாக். அதன்பின் இரண்டு சக்கரமும் ஒன்றாகத்தான் சுற்றியாக வேண்டும். பூட்டு விழுந்ததும் முன்பலகையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரியும்.

“லீவரை இழுத்தேன் மேடம். விளக்கு எரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் ஏத்தினேன்” என்றார் நிதானம். இதை அவர் எத்தனையாவது தடவையாகச் சொல்கிறாரோ, குரல் தேய்ந்துபோயிருந்தது.

“விளக்கு எரிஞ்சா பூட்டு விழுந்திருக்குமா?” மேலாளர் அம்மா கிரவுனைப் பார்த்துக் கேட்டார்.

நாலு பேர் நடுவில் தன் தொழிலைப் பற்றி ஒரு கேள்வி! கிரவுனுக்குச் சொல்லவா வேண்டும்? “கண்டிப்பா மேடம். அந்த விளக்கோட சுவிட்ச் அச்சுலயே இருக்கு. பூட்டு விழாம எரியவே எரியாது. எரிஞ்சிருந்தா ரெண்டு சக்கரமும் சுத்தியிருக்கணும். ஒண்ணுதான் சுத்துச்சுன்னா, எரியலன்னு அர்த்தம்” என்று அடித்துச் சொன்னார். சொல்லும்போதே கைவாக்கில் லீவருக்கு அடியில் தடவினார். விரலில் பச்சை டேப் சுற்றிய ஒரு குட்டி சுவிட்ச் தட்டுப்பட்டது.

அந்தப் பச்சை டேப் அவருடையது. அந்த சுவிட்சும்தான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த ஜீப்பின் பின் அச்சை அவர்தான் பிரித்து மாட்டினார். மாட்டி முடித்து லீவரை இழுத்துப் பார்த்தபோது விளக்கு எரியவில்லை. இரண்டு காரணம் இருக்கலாம்: சுவிட்ச் போயிருக்கலாம், இல்லை பூட்டே விழாமல் இருக்கலாம். பின்னால் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, கியரில் போட்டு, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பூட்டு விழுந்திருந்தால் அது அசையாது. விழாவிட்டால் இந்தப் பக்கம் சுற்ற, அந்தப் பக்கத்துச் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஜாக்கி அப்போது வேறொரு வண்டிக்கு அடியில் இருந்தது. அதைவிட, தன் கை மாட்டியது தப்பாக இருக்கும் என்ற நினைப்பே கிரவுனுக்கு வரவில்லை. சுவிட்ச்தான் போச்சு என்று முடிவுகட்டினார். இத்தனை பழைய மாடலுக்கு அந்த சுவிட்சை எங்கே தேடுவது? விளக்குக் கம்பியை இழுத்து, லீவருக்கு அடியில் ஒரு சாதா சுவிட்சை ஒட்டிவிட்டார். லீவரை இழுத்தால் போதும், பூட்டு விழுந்தாலும் விழாவிட்டாலும் விளக்கு ஜம்மென்று எரியும். அப்புறம் அதைச் சுத்தமாக மறந்தும்போனார்.

இப்போது ஞாபகம் வந்தது. வந்து என்ன? கையை மெதுவாக வெளியே எடுத்துத் துணியில் துடைத்துக்கொண்டார்.

“கேட்டீங்களா?” என்றார் மேலாளர் அம்மா நிதானத்திடம். “தப்புப் பண்றது சகஜம். பொய் சொன்னீங்க பாருங்க, அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல. சாவியைக் குடுத்துடுங்க. நாளையிலேருந்து கேட்ல உக்காருங்க.”

நிதானம் சாவியை எடுத்துக் கொடுத்தார். மச்சானை ஒரு தடவை பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, ‘நான் என்னத்தைப் பார்த்தேனோ’ என்று குழம்பிய பார்வை. வாயைத் திற, இப்போது திற, என்று கிரவுனின் மனசு அடித்துக்கொண்டது. திறக்கவில்லையே! கூட்டம் கலைந்தது. அவரும் போனார்.

அன்றைக்கு முழுதும் பட்டறையில் ஒரு வேலையும் ஓடவில்லை. எட்டாம் நம்பர் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டே எட்டாம் நம்பர் ஸ்பேனரைத் தேடினார். சாயங்காலம் தங்கை போன் பண்ணினாள். “அண்ணா, நீ சொன்னதைக் கேட்டேன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். இவர்தான் இன்னும் எரிஞ்சுது எரிஞ்சுதுங்கிறாரு. நாலு தடவை கேட்டுட்டேன், நெஜத்தைச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்னு. புள்ளைங்க முன்னாடி இப்படிப் பொய்யில நிக்கிறாரேன்னு எனக்கு வெக்கமா இருக்குண்ணா.”

“சரி, விடும்மா” என்றார் கிரவுன். விடும்மாவாம்! சொல்லிவிட்டுத் தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு.

மறுநாள் காலை பட்டறை திறக்கும்போதே நிதானம் வாசலில் நின்றார். கேட்டில் உட்காரப் போகிற வழியில் வந்திருக்கிறார்.

“வாங்க மாப்ள” என்றார் கிரவுன். அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

“மச்சான், கோச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கணும்.” நிதானம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பட்டறைக்குள் யார் செருப்பைக் கழற்றுவார்கள்? “அந்த லீவரை எப்படி இழுக்கணும்னு ஒரு தடவை சொல்லிக் குடுங்க. பதினோரு வருசமா தப்பாவே இழுத்திருக்கேன் போல. விளக்கும்... வெயில் பட்டு மின்னியிருக்கும், நான்தான் எரிஞ்சுதுன்னு நெனச்சுட்டேனோ என்னமோ. உங்க தங்கச்சியும் அதைத்தான் சொல்றா. அந்தப் பொண்ணோட கை என்னாலதானே ஒடைஞ்சுது? தெரிஞ்சுக்கிட்டா நல்லது.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்த மனுஷன் வெறுங்காலோடு நின்று பாடம் கேட்டதும் கிரவுனுக்கு உடம்பே கூசியது.

“மாப்ள, விளக்கு எரிஞ்சுது” என்றார்.

“என்ன?”

“எரிஞ்சுது. நீங்க பாத்தது நெஜம். பூட்டு விழல, ஆனா விளக்கு எரிஞ்சுது. நான்தான் அப்படி வயரை மாத்தி வச்சேன்.” ஒன்றுவிடாமல் சொன்னார். ஜாக்கியைச் சொன்னார், பச்சை டேப்பைச் சொன்னார். “நேத்து அங்க நிக்கும்போதே தெரியும் மாப்ள. தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்” என்று அதையும் சொன்னார்.

நிதானம் பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்தார். ஓங்கி ஓர் அறை விழும் என்று எதிர்பார்த்து நின்றார் கிரவுன். விழவில்லை.

“அப்போ எரிஞ்சுது” என்றார் நிதானம். கண்ணில் தண்ணீர் முட்டியது. “நான் பைத்தியம் இல்ல. அப்போ எரிஞ்சுது!”

இருவரும் அப்படியே அலுவலகத்துக்குப் போனார்கள். கிரவுன் தன் ஜாக்கியைத் தானே தூக்கிக்கொண்டு போனார். மேலாளர் அம்மா, அளவைக்காரப் பெண், கணக்கர், பெருக்குகிறவர் என்று அத்தனை பேரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கினார், கியரில் போட்டார், லீவரை இழுத்தார். விளக்கு எரிந்தது. இடது சக்கரத்தைக் கையால் சுற்றினார். வலது சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது. பூட்டு விழவேயில்லை. பிறகு எல்லார் கண்முன்னாலும் அந்தப் பூசணிக்காயைத் திறந்தார். பூட்டைத் தள்ளுகிற கவட்டை முன்பின்னாக மாட்டியிருந்தது. அரை விரல் தூரத்தில் நின்றுபோய்விடும், போய்ச் சேராது. மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த விளக்கு எரியாமல் இருந்து உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. இவர்தான் அதன் வாயை அடைத்திருக்கிறார்.

“நேத்தே தெரியுமா?” என்று கேட்டார் மேலாளர் அம்மா.

“தெரியும் மேடம்.”

முறிந்த கையைத் தாங்கிக்கொண்டு நின்ற பெண் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மேலாளர் அம்மா சாவியை நிதானத்தின் கையில் கொடுத்து, எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார். கிரவுனிடம், “இனிமே எங்க வண்டியை நீங்க தொட வேண்டாம்” என்றார். ஞாயம்தான் என்று தலையாட்டினார் கிரவுன். ஊருக்குள் இந்நேரம் பரவியிருக்கும், பரவட்டும். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷருக்கு அப்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தக்கூடத் தோன்றியது. எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாயிற்றே, எத்தனை பேருக்கு இந்தத் தைரியம் வரும் என்று ஒரு நினைப்பு. பெருமை எங்கெல்லாம் போய் ஒட்டிக்கொள்கிறது பாருங்கள்!

கேட்டுக்கு வெளியே வந்ததும் நிதானம் நின்றார். “மச்சான், வீட்டுக்கு வாங்க. அவகிட்டயும் சொல்லணும்.”

“அதான் சாவியே கைக்கு வந்துடுச்சே மாப்ள. நீங்களே சொல்லிடுங்களேன்.”

“நான் சொன்னா நம்ப மாட்டா மச்சான்” என்றார் நிதானம். குத்திக்காட்டவில்லை, உள்ளதைச் சொன்னார்.

கிரவுனின் கால் அதற்கப்புறம் தானாக நடந்தது. தங்கை பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. புருஷனைப் பார்த்ததும் சுருங்கியது. அந்த வித்தியாசத்தைக் கிரவுன் தன் இரண்டு கண்ணால் பார்த்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “உக்காருண்ணா” என்றாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். அலுவலக முற்றத்தில் அத்தனை பேர் முன்னால் வராத தடுமாற்றம் இங்கே வந்தது.

அவள் கத்துவாள், அழுவாள் என்று நினைத்தார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. புருஷனிடம் போய் நின்றாள். “நாலு தடவை கேட்டேன்ல?” என்றாள்.

“விடு, பரவாயில்ல” என்றார் நிதானம்.

“நாலு தடவையும் நெஜத்தைத்தானே சொன்னீங்க?”

“ஆமா.”

அப்புறம்தான் அண்ணன் பக்கம் திரும்பினாள். “வண்டியில தப்புப் பண்ணது போகட்டும்ணா. யாருக்கும் வரும். நேத்து போன்ல நான் அவ்வளவு பேசினேனே, அப்போகூடக் கேட்டுக்கிட்டு இருந்தியே. இவரைப் பத்தி நான் அப்படிப் பேசினதை நீ கேட்டுக்கிட்டு இருந்தியே!”

அவள் உள்ளே போய்விட்டாள். நிதானம்தான் பாவம், “உக்காருங்க மச்சான்” என்று இன்னொரு தடவை சொன்னார். எந்த முகத்தோடு உட்காருவது என்று தெரியாமல் கிரவுன் அந்த வாசலிலேயே நின்றார்.