பேசிக் குறைத்த விலை

தையல் மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் ஐஸ் பெட்டியின் பிளக்கைச் சொருக வேண்டியிருந்தது. கடையில் வேறு பிளக் பாயிண்ட் கிடையாது. கலியனின் தம்பி இளவழகன் சுவிட்சைப் போட்டதும் பெட்டி உறுமத் தொடங்கியது. பெட்டிக்காரர் கண்ணாடி மூடியைத் துடைத்துவிட்டு இளவழகனைத் தள்ளிக்கொண்டு போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

“இவரு மைன்ஸுங்களா? பர்மனெண்ட்டா, கான்ட்ராக்ட்டா?”

“ரெண்டும் இல்ல. குஷன் கடை. இதான் கடை.”

“அப்ப மூவாயிரம் குடுங்க. பிளாக்குக்குள்ளன்னா அஞ்சு வாங்குவேன்.”

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்சவல்லிக்கு, அந்த நிலையிலும், சிரிப்பு வரப் பார்த்தது. பெட்டிக்குள் படுத்திருக்கும் அவளுடைய புருஷன் கலியனும் தொழிலை இப்படித்தான் நடத்தினார். சோபா உறை மாற்ற யார் வந்தாலும் சோபாவைப் பற்றிக் கேட்கமாட்டார். “எந்த பிளாக்குங்க?” என்பார். பிளாக் நம்பரைச் சொன்னால் ஆள் நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனெண்ட், டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ்காரர். ஏதாவது கிராமத்தின் பெயரைச் சொன்னால் கான்ட்ராக்ட். ஒரே ரெக்சின், ஒரே ஃபோம், ஒரே தையல். ரேட்டு மட்டும் இரண்டு.

அதற்காக அவள் அவரோடு போடாத சண்டை இல்லை. எல்லாருக்கும் ஒரே ரேட்டைச் சொன்னால் என்ன என்பாள். “இவங்ககிட்ட எடுத்தாதான் அவங்களுக்கு வுட முடியும்” என்பார் கலியன். கான்ட்ராக்ட் ஆட்களிடம்கூட முதலில் பெரிய ரேட்டைத்தான் சொல்லுவார். அவர்கள் பேசிப் பேசிக் குறைக்கக் குறைக்க இறங்கி வருவார். வெட்டியாய் ஏன் அந்த நாடகம், முதலிலேயே உள்ள விலையைச் சொல்லக்கூடாதா என்றால், “அவனே கொறச்சாதான வூட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கலாம்” என்பார். மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் இத்தனை வருஷம் கடை வைத்தும் சொந்தமாக ஒரு நல்ல நாற்காலி வாங்காத மனிதருக்கு, அடுத்தவன் பொண்டாட்டியிடம் பெருமை பேசுவதைப் பற்றி அவ்வளவு கவலை.

அன்று மத்தியானம் நெஞ்சைக் கரிக்குது என்று ஒரு சோடா வாங்கிக் குடித்தார். சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து துணியைச் சுற்றித்தான் கொண்டுவந்தார்கள். பின்னால் இருந்த ஒற்றை அறை வீட்டுக்குள் பெட்டி நுழையவில்லை. ஃபோம் பாளங்களையும் உறை உரித்த இரண்டு நாற்காலிகளையும் சுவரோரம் தள்ளிவிட்டுக் கடையிலேயே கிடத்திவிட்டார்கள். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்த மகள் சரிதா கால்மாட்டில் அழுது ஓய்ந்து கிடந்தாள். அம்சவல்லிக்கு இன்னும் அழுகை சரியாக வரவில்லை.

மறுநாள் மத்தியானம், அந்த உறை உரித்த நாற்காலிகளுக்குச் சொந்தக்காரரான மாடசாமி மாலையோடு வந்தார். பதினேழாவது பிளாக், மைன்ஸில் ஃபோர்மேன், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஷிஃப்ட் முடிந்து போகும்போது கலியனோடு நின்று ஒரு டீ குடிக்காமல் ஸ்கூட்டரை எடுக்கமாட்டார். மாலையைச் சாத்தியவர் பெட்டியின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஷட்டரை ஒட்டிப் பந்தலில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் கம்மாபுரத்து வேணு இருந்தார். இருந்த நிலத்தை மைன்ஸுக்குக் கொடுத்துவிட்டு, அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்.

சாவு வீட்டில் செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பேசவேண்டும் என்று வேணுவுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

“தங்கமான மனுசருங்க,” என்றார் மாடசாமியிடம். “ரேட்டுல மட்டும் கறாரு. என் வூட்டு சோபாவுக்குப் பதினாலுன்னாரு. நான் வுடுவனா? அரநாளு நின்னு பேசிகினே இருந்தேன். கடசில ஒம்பதாயிரத்துக்கு எறக்கிட்டேன்.”

“எந்த மாதிரி சோபா?”

“பெருசு ஒண்ணு, சிறுசு ரெண்டு. காப்பிக்கொட்ட கலரு ரெக்சின். வந்து பாருங்க, இன்னும் புதுசாட்டமே கீது.”

அம்சவல்லி நிமிர்ந்து பார்த்தாள். அதே காப்பிக்கொட்டைச் சுருளிலிருந்து வெட்டித்தான் மாடசாமி வீட்டுப் பெரிய சோபாவுக்கும் சிறிய சோபாக்களுக்கும் அவள் உறை தைத்தாள். அசலே எட்டாயிரத்துச் சொச்சம். மாடசாமி பதினாலாயிரத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

மாடசாமி நாற்காலியோடு திரும்பினார். ஷட்டருக்கு இந்தப் பக்கம் அவள் முகம் தெரிந்தது. கேட்கக்கூடாது என்று அவர் நினைப்பதும், நினைப்பதற்கு முன்பே வாய் திறந்துவிட்டதும் அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.

“ஏம்மா, இவுகளுக்கு ஒம்பது, எனக்குப் பதினாலா?” என்றார் மெதுவாக. உடனே தலையைக் குனிந்துகொண்டார். “இப்பக் கேக்கக்கூடாது. தப்புதான். காசு போனாப் போவுது. அவன எனக்குச் சேக்காளின்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்.”

வேணு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

நீங்க பர்மனெண்ட்டு, அவரு கான்ட்ராக்ட்டு, அதான் அவருக்கு லாபமே வைக்காமப் போட்டாருங்க. இது ஒன்றைச் சொன்னால் போதும். மாடசாமி நல்ல மனிதர், புரிந்துகொள்வார். கலியனின் பேரும் கெடாது. வார்த்தை அவளுக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கிறாரே வேணு, அவர் தன் சாமர்த்தியத்தால் வாங்கிய சோபாவாக அல்லவா அதை நினைத்துக்கொண்டிருக்கிறார். பரிதாபப்பட்டுக் கொடுத்தது என்று தெரிந்தால், இனி ஒருநாளும் அதில் நிம்மதியாகச் சாயமாட்டார்.

“அவரு பேசி கொறச்சாருங்க,” என்றாள் அம்சவல்லி. “நீங்க பேசல. சொன்னத குடுத்துட்டுப் போனீங்க.”

வேணுவின் முகம் மலர்ந்தது. இருக்கும் இடம் நினைவுக்கு வந்து சட்டென்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார். மேளக்காரர்கள் பறையைக் காய்ச்ச ஆரம்பித்தபோது, மாடசாமியின் நாற்காலி காலியாக இருந்தது.

வாய்க்கரிசி போட்டார்கள். அவளுடைய பிறந்த வீட்டுக் கோடித்துணியைப் போர்த்தினார்கள். தூக்கும்போது அம்சவல்லியின் கண் கூட்டத்தில் மாடசாமியைத் தேடியது. தெருமுனைவரை பார்த்தாள், காணவில்லை. உயிரோடு இருந்தவரை யாரும் கலியனை ஏமாற்றுக்காரன் என்று சொன்னதில்லை. கடைசி நாளில், கட்டின பொண்டாட்டியே அவருடைய சிநேகிதரிடம் அந்தப் பேரை வாங்கிக் கொடுத்துவிட்டாள். செய்தது சரியா தப்பா என்று கேட்கலாமென்றால், கேட்கவேண்டிய ஆள் நாலு பேர் தோளில் போய்க்கொண்டிருந்தார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சரிதா பயந்துபோய்க் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

ஆண்கள் இன்னும் சுடுகாட்டிலிருந்து திரும்பவில்லை. பெண்கள் தலை முழுகிவிட்டார்கள். கடையைக் கழுவிவிட்டாயிற்று. அம்சவல்லி ஈரத்தலையோடு கடைப்படியில் உட்கார்ந்திருந்தபோது, மாடசாமி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். வாங்க என்று அழைக்கக்கூடாத வீடு. அவளும் அழைக்கவில்லை; அவரும் எதிர்பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சுவரோரம் கிடந்த தன் நாற்காலிகளைப் பார்த்தார். ஸ்பிரிங் பார்த்துவிட்டு ரேட்டுச் சொல்கிறேன் என்று கலியன் உரித்துப் போட்டவை.

“இத இனி யாரும்மா செய்வா?”

“நாந்தாங்க. தையலு எப்பவும் நாந்தான். ஆணி அடிக்கவும் வரும்.”

“எவ்வளவு ஆவும்?”

அம்சவல்லி எழுந்து வந்து ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தாள். அசல் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே போகும். மத்தியானம் நடந்ததற்குப் பிறகு நாலாயிரம் என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள்.

“ரெண்டுக்கும் அஞ்சாயிரத்தி ஐநூறுங்க.”

கலியனின் ரேட்டு. நாக்கு அதுவாகச் சொல்லிவிட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் மாடசாமியின் கை பர்ஸுக்குப் போகும். இன்று போகவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“நாலாயிரத்துக்கு... முடியாதா?”

அவளுக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வாழ்நாளில் ஒரு கீரைக்கட்டுக்குக்கூடப் பேரம் பேசியிருக்காத மனிதர். காதெல்லாம் சிவந்துபோய் நிற்கிறார்.

“கட்டுப்படியாவாதுங்க,” என்றாள்.

“அப்ப நாலாயிரத்து ஐநூறு.”

“ஃபோம் வெல இப்ப எங்க இருக்குதுன்னு ஒங்களுக்கு...” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முடித்தாள். “ஒங்களுக்குத் தெரியாதுங்க. ரொம்ப ஏறிப்போச்சி.”

“சரி, ஒரே பேச்சு. அஞ்சு.”

அஞ்சுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் உடனே தலையாட்டினால் அது இனாம் மாதிரி ஆகிவிடும். அம்சவல்லி நாற்காலியைக் கவிழ்த்தாள், கட்டையைத் தட்டினாள், யோசித்தாள்.

“அஞ்சாயிரத்தி இருநூறு. அதுக்குக் கீழ முடியாதுங்க.”

“நூறு,” என்றார் மாடசாமி. இந்தத் தடவை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னார். “அஞ்சாயிரத்து நூறு.”

“சரிங்க. ஒங்களுக்காவ.”

அவர் பெருமூச்சு விட்டார். ஒரு நாற்காலியின் கைப்பிடியைத் தடவிவிட்டு, “பதினாறு முடியட்டும். அவசரமில்ல” என்றார். போய்வருகிறேன் என்று சொல்லாமல், சொல்லக்கூடாது என்பதால், அப்படியே படியிறங்கினார். ஸ்கூட்டர் ஒரே உதையில் கிளம்பியது.

ஆர்டர் பேசி முடித்த கையோடு, மிச்சம் எவ்வளவு என்று கலியனும் அவளும் கணக்குப் போட்டுச் சண்டையை ஆரம்பிப்பார்கள். அம்சவல்லி வழக்கம்போல உள்ளே திரும்பினாள்.

“நானூறுதான் வுட்டேன்,” என்றாள்.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த சரிதா துடைப்பத்தோடு நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். கழுவிவிட்ட சிமெண்டுத் தரையில் பெட்டி இருந்த இடம் மட்டும் இன்னும் காயவில்லை.