ஊதாப் புகை

“காட்டுக்குள் நிற்கும் தரைப்படை வீரனுக்கு வான்படையே கண், வான்படையே வண்டி, காயம்பட்டால் வான்படையே கட்டில்.”

வான்படை விமானி கிருபாலன் வாசித்து நிறுத்தினான். தரைப்படைக்கு வான்படை ஆற்றும் பணிகளைப் பற்றி, மறுநாள் மலாக்கா நகர மண்டபத்தில் அவன் இளைஞர்களிடம் உரையாற்ற வேண்டும். தங்கா பத்து என்ற ஊரில் இருந்த வீட்டின் முன்கூடத்தில் அமர்ந்து, தாய் பராசக்தி அந்த உரையைத் திருத்திக்கொண்டிருந்தார்.

“கட்டில் வேண்டாம். ‘காயப்பட்டவரை மீட்டு வருவதும் நாங்களே’ எண்டு சொல்லு. உணவு இறக்கிறதை அதுக்கு முன்னால வை.”

வாசல் மணி ஒலித்தது. அந்த வீட்டைக் கூட்டித் துடைக்கும் முனியம்மா, பின்வாசலால் மட்டுமே வந்து பழகியவள், அன்று பழத்தட்டும் மகன் தர்ஷனுமாக முன்வாசலில் நின்றாள். வரச் சொன்னவர் பராசக்தி. தர்ஷன் பக்கத்து ஊரான பத்து பெரண்டாமின் காப்பிக்கடைகளில் கிருபாலனைப் பொய்யன் என்று சொல்லித் திரிவது அவர் காதுக்கு எட்டியிருந்தது. உரைக்கு முன்னதாக அவன் மன்னிப்புக் கேட்டாக வேண்டும்.

தர்ஷன் மன்னிப்புக் கேட்க வரவில்லை. கிருபாலனின் வாயிலிருந்தே உண்மை வர வேண்டும், அதைத் தன் தாய் காதால் கேட்க வேண்டும் என்பதற்காகவே வந்தான். ‘உன்னை நம்புகிறேன்’ என்று அவள் இதுவரை ஒரு முறையும் சொன்னதில்லை.

தர்ஷன் தரைப்படை வீரனாக இருந்தபோது எல்லைக் காட்டில் நடந்த பயிற்சியில், கார்ப்பரல் ரோஸ்லான் சரிவில் உருண்டு வயிற்றில் அடிபட்டான். அவனுடன் இருந்தவன் தர்ஷன் மட்டுமே. வானொலியில் ஹெலிகாப்டரை அழைத்தான். இடத்தைக் காட்டப் புகைக்குப்பியைக் கொளுத்தினான். புகையின் நிறத்தைத் தரையில் இருப்பவன் சொல்லக் கூடாது. மேலிருப்பவன் பார்த்துச் சொல்ல, தரையில் இருப்பவன் ஆம் என்று உறுதி செய்ய வேண்டும். எதிரி மூட்டும் புகையை நம்பி விமானி இறங்கிவிடாதிருக்கவே இந்த விதி. அன்று வந்த விமானி கிருபாலன். புகை எதுவும் தெரியவில்லை என்று கூறித் திரும்பிப் போனான். கால்நடையாக ஆட்கள் வந்து சேருமுன் ரோஸ்லான் இறந்துவிட்டான்.

தர்ஷன் புகை மூட்டவே இல்லை என்று விசாரணை முடிவு செய்தது. புகையின் சாயம் தன் சட்டையில் படிந்ததாக அவன் சொன்னான். கொண்டு வரச் சொன்னார்கள். அவன் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுத் துணிக்கொடியிலிருந்து அந்தச் சட்டை காணாமற்போயிருந்தது. அவனைப் படையிலிருந்து நீக்கினார்கள்.

“தட்டை அங்க வை, முனியம்மா.” பராசக்தி அவர்களை அமரச் சொல்லவில்லை. “என்ர மகன் பொய்யனாமே? கடையில சொன்னதை இங்க சொல்லு தர்ஷன். நானும் கேக்கிறன்.”

“நான் புகை போட்டேன், ஆன்ட்டி. சார் எனக்கு நேர் மேல நின்னாரு. மரக்கெளையெல்லாம் வளைஞ்சி ஆடுச்சி.”

கிருபாலன் சிரித்தான். “மேல நின்னா எனக்குத் தெரியாதாலா? நீ பயந்துட்ட. உங்க ஆளுங்கள்ல பாதிப் பேரு ரேடியோவையே தலைகீழாத்தான புடிப்பாங்க.”

“மேகம் எறங்குனதப் பாத்து யாரு பயந்தாங்கன்னு ரோஸ்லானுக்குத் தெரியும், சார்.”

“செத்தவனைச் சாட்சிக்குக் கூப்பிடாத,” என்றார் பராசக்தி.

கிருபாலனின் முகம் சிவந்தது. “சும்மா உளறாதலா! அந்தப் பச்சைக் காட்டுல ஊதாப் புகை எழும்புனா குருடனுக்கும் தெரியும். எனக்குத் தெரியாம போயிருமா?”

தர்ஷன் அவனைப் பார்க்கவில்லை. தாயின் பக்கம் திரும்பினான்.

“கேட்டியாம்மா? எல்லாருக்கும் ஆரஞ்சுப் புகைக்குப்பி. ஸ்டோர்ல தீந்துபோச்சின்னு எனக்கு மட்டும் ஊதா குடுத்தாங்க. ரேடியோவுல நான் கலர் சொல்லல. விசாரணையிலயும் யாரும் கேக்கல. மேலருந்து பாத்தவருக்குத்தான் தெரியும்!”

கிருபாலன் உரைத்தாளை மடித்தான், பிரித்தான். பராசக்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, முந்தானையில் துடைத்து, மீண்டும் அணிந்துகொண்டார்.

“முனியம்மா, உன்ர மகள் புனிதா எங்க வேலை செய்யிறாள்?”

“டாக்டர் ஐயா கிளினிக்லதாம்மா.” டாக்டர் ஆனந்தராஜா பராசக்தியின் கணவர்.

“வேலையை நிரந்தரமாக்கிறதோ, நிப்பாட்டுறதோ எண்டு அவர் இந்தக் கிழமை முடிவெடுப்பார். நல்ல பிள்ளை. அண்ணன்ர வாயால அவளுக்குக் கெடுதி வரக்கூடாது.” குரல் கனிந்திருந்தது. “இப்ப நீ சொல்லு. உன்ர மகன் புகை போட்டானோ, இல்லையோ? பெத்த தாய் பொய் சொல்ல மாட்டாள்.”

முனியம்மா, காலையில் தான் துடைத்த தரையைப் பார்த்தாள்.

“போடலம்மா. சின்ன வயசிலருந்தே இவன் பயந்தாங்கொள்ளி.”

“அம்மா!”

“கால்ல விழுடா.”

அவள் அவன் பிடரியில் கை வைத்து அழுத்தினாள். படையில் சுமை தூக்கி உரமேறிய உடல் அந்த மெலிந்த கைக்கு வளைந்தது. கிருபாலன் கால்களைப் பின்னுக்கு இழுத்தான்.

“இழுக்காத. மன்னிச்சிட்டன் எண்டு சொல்லு,” என்றார் பராசக்தி.

“சரிலா. மன்னிச்சிட்டேன்.”

“வடிவாச் சொன்னாய். முனியம்மா, பின்வாசலால போ. குசினியில பாத்திரம் கிடக்குது. கழுவி வச்சிட்டுப் போ.”

சமையலறையில் அவள் கழுவினாள். தர்ஷன் சுவரில் சாய்ந்து நின்றான். முன்கூடத்தில் உரை மீண்டும் தொடங்கியது. “காயப்பட்டவரை மீட்டு வருவதும் நாங்களே.” “இன்னும் உரக்க,” என்றது பராசக்தியின் குரல்.

“ஊருல யாரும் நம்ப வேணாம். நீயுமாம்மா என்னை நம்பல?”

முனியம்மா குழாயை மூடவில்லை.

“மொத நாளே நம்பினேன்டா. ஒஞ்சட்டைய நான்தான தொவச்சேன்? அந்த ஊதா என்ன தேச்சும் போகல.”

அவன் நிமிர்ந்தான். “சட்டை எங்கம்மா?”

“கொளுத்திட்டேன். விசாரணைக்கு மொதல்லயே. புனிதாவுக்கு அப்பத்தான் வேல கெடச்சிருந்துச்சி.”

கழுவிய தட்டை அவனிடம் நீட்டினாள்.

“தொடச்சி வை. அந்தம்மாவுக்கு ஈரம் இருக்கக் கூடாது.”