கப்பல் ஏறாதவள்

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் ஆபரேட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவர்கள் யாரோ கத்தி பிடிக்கிற டாக்டர் என்று நினைத்து மரியாதையாக ஒதுங்கி நிற்பதுண்டு. "பயப்படாதீங்க, நான் அறுக்கிறது வாயால மட்டும்தான்" என்பார். டெலிபோன் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வருகிற அழைப்பை எந்த வார்டுக்கு, எந்த டாக்டருக்கு என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. கண்ணில் அழுத்தம் ஏறி முதலில் ஒன்று, பின்னாலேயே மற்றொன்று என இரண்டு பார்வையும் போன பிறகு, கணக்குப் பிரிவிலிருந்து அவரை இந்த நாற்காலிக்கு மாற்றியிருந்தார்கள்.

வேலையைக்கூட அவர் சமாளித்துக்கொண்டார். அலமாரி நிறைய இருந்த டிவிடிகளைத்தான் சமாளிக்க முடியவில்லை. பிற மொழிப் படங்கள் என்றால் அவருக்கு உயிர். அந்த மொழிகளில் ஒரு வார்த்தை தெரியாது. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தைப் படித்துக்கொண்டே சிரிப்பார், அழுவார். ஓய்வு பெற்ற பிறகு சாவகாசமாகப் பார்க்கலாம் என்று உறை பிரிக்காமல் வைத்திருந்தவையே இரண்டு தட்டு. இப்போது சாயங்காலங்களில் அவற்றை எடுத்து விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி அடுக்கி வைப்பார். அதைப் பார்க்கச் சகிக்காமல் மனைவிதான் ஒரு யோசனை சொன்னாள்.

அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அவள் ஒலிபெருக்கியில் சொன்னால், ஊரே மூட்டை முடிச்சைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடும். "ஊருக்கெல்லாம் வழி சொல்றேன். உங்களுக்குப் படம் சொல்ல மாட்டேனா?" என்றாள்.

கல்லூரியில் படிக்கும் மகள், வீட்டில் அவளை வாலு என்பார்கள், கம்ப்யூட்டர் வேலையை எடுத்துக்கொண்டாள். டிவிடியைப் போட்டால் பெட்டி வெகு நேரம் உறுமும். படம் உள்ளே இறங்கியதும் அம்மா காதில் மாட்டிக்கொண்டு பார்ப்பாள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து, பாத்திரங்கள் பேசுவதைத் தமிழில் சொல்வாள், பேசாத இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்வாள். மகள் அந்தக் குரலைப் பதிவு செய்து, மூலத்தின் சத்தத்தைத் தாழ்த்தி, அதன்மேல் இதை ஏற்றி, எல்லாவற்றையும் உள்ளங்கை அளவுத் திரைக்கு ஏற்றபடி சுருக்கி, கேபிள் வழியாகச் சின்னப் பிளேயருக்கு அனுப்புவாள். ஓடு என்கிற பொத்தான் விரலுக்குத் தெரிய அதன்மேல் ஒரு சொட்டுப் பசையை உறைய விட்டிருந்தாள்.

"அப்பா, உங்களுக்கு எதுக்கு படம்? சத்தம் மட்டும் போட்டா இன்னும் நிறைய ஏத்தலாம்."

"நான் பாக்காட்டி என்ன? படம்னா படம் இருக்கணும். இல்லாட்டி அது ரேடியோ" என்றார் அவர். அந்தப் பிடிவாதம்தான் பின்னால் எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தது.

உள்ளறையில் பதிவு நடக்கும்போது அவரை விட மாட்டார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் தாயும் மகளும் குசுகுசுவென்று பேசுவதும் திடீரென்று விழுந்து விழுந்து சிரிப்பதும் கேட்கும். எனக்காக இவ்வளவு பாடுபடுகிறார்களே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும். பேருந்தில், ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு வேளையில், எப்போதும் பிளேயர் மடியில் இருக்கும். காதில் மனைவியின் குரல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் தன்னிடம் இவ்வளவு பேசியதில்லை என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கு ஒரு பார்மசிஸ்ட் மாற்றலாகி வந்தார். அவரும் படப் பைத்தியம். இருவரும் முதல் நாளே ஒட்டிக்கொண்டார்கள். ஒரு மதியம், கலங்கரை விளக்கக் காவலாளியும் அவன் மனைவியும் வருகிற படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. காவலாளிக்குக் கால் போய்விடுகிறது. பணிவிடை செய்து அலுத்துப்போன மனைவி ஒரு நாள் பெட்டியோடு துறைமுகத்துக்குப் போகிறாள்.

"கடைசியில அவ பெட்டியை மணல்ல போட்டுட்டு ஓடி வர்ற இடம் இருக்கே, அடடா!" என்றார் ஆபரேட்டர்.

"ஓடி வர்றாளா? எங்க வர்றா? கப்பல் ஏறிப் போயிடுறாளே."

"நீங்க வேற படத்தோட போட்டுக் குழப்பிக்கிறீங்க."

"ஆபரேட்டர், நான் தியேட்டர்ல உக்காந்து அழுத படம் இது."

அவர் சிரித்துக்கொண்டே பிளேயரை நீட்டினார். "இதுல இருக்கு. நீங்களே பாத்துட்டுச் சொல்லுங்க." பார்மசிஸ்ட் காது மாட்டியைக் கழற்றிவிட்டு, சத்தத்தை வெளியே வைத்து, கடைசிப் பகுதிக்குத் தள்ளினார். மனைவியின் குரல் மேசைமேல் தெளிவாக ஒலித்தது. அவள் நிற்கிறாள். கையிலிருந்த பெட்டி நழுவுகிறது. தூரத்தில் ஏதோ ஒரு கப்பல் போகிறது. அவள் திரும்பிப் படிகளை நோக்கி ஓடி வருகிறாள். காவலாளி கையை நீட்டுகிறான்.

குரலுக்கு அடியில் கப்பலின் சங்கு ஊதியது.

"பாத்தீங்களா?"

பார்மசிஸ்ட் அதே இடத்தை மறுபடி ஓட்டினார்.

"சார், திரையில என்ன தெரியுது?"

"கப்பல்."

"அவ?"

"கப்பல்லதான் நிக்கிறா, ஆபரேட்டர். திரும்பிக்கூடப் பாக்கல." பிறகு தயங்கித் தயங்கி, "யாரு பேசினது இதுல?" என்று கேட்டார்.

"என் வீட்டம்மா."

அன்று மதியம் மூன்று அழைப்புகளைத் தவறான வார்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் தானே பார்மசிஸ்டிடம் போய், வேறொரு படத்தைப் போடச் சொன்னார். மகன் போருக்குப் போகிற கதை. மகன் கையில் காயக் கட்டோடு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான் என்றது குரல். வாசலில் நின்றது தந்தியோடு தபால்காரன். இன்னொன்றில், அண்ணன் தம்பி கட்டிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்றது. திரையில் தம்பியின் சவப்பெட்டி. பார்மசிஸ்ட் ஒவ்வொன்றையும் தன் வீட்டு இழவைச் சொல்வதுபோல மெல்லச் சொன்னார். "விட்ருங்க ஆபரேட்டர், நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாங்க."

"நல்லதுக்குன்னா ஒண்ணு ரெண்டு பண்ணலாம். இது மொத்தமும் புளுகு."

அவருக்கு மாறிப்போன முடிவுகள்கூட அவ்வளவு வலிக்கவில்லை. அந்தச் சிரிப்புதான் வலித்தது. கதவுக்குப் பின்னால் எழுந்த அந்தச் சிரிப்பு, சவப்பெட்டியை எப்படிக் கட்டிப்பிடியாக மாற்றலாம் என்று யோசித்தபோது வந்த சிரிப்பா? அதைக் கேட்டுத்தானே அவர் வெளியே உட்கார்ந்து நெஞ்சு நிறைந்துபோனார்?

சாயங்காலம் மனைவி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டார். "அந்தக் கலங்கரை விளக்கக்காரன் பொண்டாட்டி கப்பல் ஏறினாளா, ஏறலையா?"

செருப்புச் சத்தம் நின்றது.

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னான்னா கேக்கிறே? அப்ப ஏறினாதானே?"

"ஏறினா" என்றாள் அவள்.

உள்ளறைக் கதவு திறந்தது. "அப்பா, அம்மாவைத் திட்டாதீங்க. நானும்தான் சேந்து..." என்று மகள் ஆரம்பித்தாள்.

"தெரியும். ரெண்டு பேரும் சேந்துதான் சிரிச்சீங்க. என் காது நல்லாத்தான் இருக்கு."

மனைவி அவர் எதிரில் உட்கார்ந்தாள். "முதல் படம் ஞாபகம் இருக்கா? பனியில ஒரு கிழவர் செத்துப் போவாரே? அதை அப்படியே உள்ளபடிதான் சொன்னேன். நீங்க என்ன பண்ணீங்க? சாப்பாட்டைத் தள்ளி வெச்சிட்டு, 'அவனுக்காவது ஒரு வழி கிடைச்சுது'ன்னீங்க. அப்புறம் மொட்டை மாடிக்குப் போற படியில போய் உக்காந்துக்கிட்டீங்க. அந்த மாடிக் கதவுக்கு நான் பூட்டு வாங்கிப் போட்டது தெரியுமா உங்களுக்கு? அதுக்கப்புறம் எந்தக் கிழவரையும் நான் சாக விடல. அவ்வளவுதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இந்தப் படம் வேண்டாம், சோகம்'னு சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? அழறதுக்குக் கண்ணு தெரியணும்னு இல்ல. அதையும் எனக்குப் பதிலா நீயே முடிவு பண்ணிட்டே."

"ஆமா, நானேதான் பண்ணினேன்" என்றாள் அவள், குரல் உயர. பேருந்து நிலையத்தில்கூட அவள் அப்படிக் கத்தியதில்லை. "ஒவ்வொரு படத்தையும் நான் முழுசாப் பாத்தேன். ஒவ்வொரு சாவையும் பாத்துட்டுத்தான் உங்களுக்கு மாத்திச் சொன்னேன். அந்தக் கப்பல்காரி போனப்ப நான் எப்படி அழுதேன்னு இவகிட்ட கேளுங்க. எனக்கு யாரு மாத்திச் சொன்னாங்க?"

அவருக்குக் கோபம் இறங்கவில்லை. கால் போன புருஷனை விட்டுப் போகிறவளைப் பார்த்து இவள் ஏன் அப்படி அழ வேண்டும் என்று ஒரு கேள்வி எழுந்தது. கேட்கவில்லை. கேட்டால் அவள் என்ன சொன்னாலும் அது உண்மைதானா என்று பார்க்க அவருக்கு வழி இல்லை.

அதன் பிறகு எல்லாவற்றிலும் உண்மைதானா என்கிற கேள்வி ஒட்டிக்கொண்டது. சட்டை நீலம் என்றால் நீலம்தானா? பக்கத்து வீட்டுக்காரர் கையசைத்தார் என்றால் உண்மையில் அசைத்தாரா? கடைசிப் பரிசோதனையின்போது கண் டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியது நினைவுக்கு வந்தது. வெளியே வந்து, "ஒரு வாய்ப்பும் இல்லைன்னு சொல்லிட்டார்" என்றுதான் அவள் சொன்னாள். ஒருவேளை ஒரு வாய்ப்பு இருந்து, அதை மறைத்தாளா?

ஒரு நாள் இடைவேளையில், சுவரைப் பிடித்துக்கொண்டு தானே கண் பிரிவுக்குப் போனார். டாக்டர் அவருடைய கோப்பை வரவழைத்து வரிவரியாகப் படித்துக்காட்டினார். நரம்பு முழுவதும் செத்துவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை. மனைவி சொன்னதில் ஒரு எழுத்து மாறவில்லை. "அவங்க ரொம்ப நேரம் இங்கயே உக்காந்து அழுதாங்க. முகத்தைக் கழுவிட்டுத்தான் உங்ககிட்ட வந்தாங்க" என்றார் டாக்டர்.

அப்போதாவது மனம் இளகும் என்று எதிர்பார்த்தார். இளகவில்லை. அவள் பெரியதில் உண்மையைச் சொல்லிவிட்டு, சின்னதில் பொய் சொல்லியிருக்கிறாள். சின்னதுதான் அவருக்கு மிஞ்சியிருந்தது. தன் வீட்டுக்காரி சொன்னதைச் சரிபார்க்க ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரைத் தடவிக்கொண்டு போக வேண்டியதாயிற்றே என்பதில் அவமானம் வேறு.

வீட்டுக்கு வந்ததும் பிளேயரை மகளிடம் கொடுத்தார். "எல்லாத்தையும் அழிச்சிரு."

"அப்பா..."

"அழிச்சிரு வாலு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பொத்தான்களைத் தட்டுவது கேட்டது. மனைவி அறை வாசலில் நின்று, "இனிமே உள்ளதை உள்ளபடியே சொல்றேன். அந்தப் படத்தையே முதல்ல எடுத்துக்கலாம்" என்றாள்.

"நீ உள்ளபடி சொன்னாலும் நான் அடியில சங்கு ஊதுதான்னுதான் கேட்டுட்டிருப்பேன்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லாததுதான் அவளைச் சுட்டது. அவள் போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

டிவிடிகளை அட்டைப் பெட்டியில் போட்டுப் பார்மசிஸ்டிடம் கொடுத்துவிட்டார். மனிதர் வேண்டாம் வேண்டாம் என்று மறுத்து, கடைசியில் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று வாங்கிக்கொண்டார். படங்களைப் பற்றி அதற்குப் பிறகு இருவரும் பேசுவதில்லை. கிரிக்கெட் பேசினார்கள்.

பார்வையற்றவர்களுக்குக் கோல் பிடித்து நடக்கச் சொல்லித்தரும் வகுப்பு ஆஸ்பத்திரியின் பின்கட்டிலேயே நடந்துகொண்டிருந்தது. மனைவி பல முறை கெஞ்சியும், "உன் தோள் இருக்கிறப்ப எனக்கு எதுக்கு குச்சி?" என்று தட்டிக் கழித்தவர், இப்போது தானாகப் போய்ப் பெயர் கொடுத்தார். விழுந்தார், முட்டியில் தோல் வழன்றது, தெருநாயிடம் குரைப்பு வாங்கினார். ஆனாலும் விடவில்லை.

ஒரு நாள் காலை, முதல் முறையாக வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும் தனியே கிளம்பினார். மனைவி வாசல்வரை வந்தாள். கையைப் பிடிக்கவில்லை.

"நேரா போங்க. முனையில குழாய்க்குத் தோண்டிப் போட்டிருக்காங்க. இடது பக்கம் ஒதுங்கிக்குங்க."

"சரி" என்று நடந்தார். அவள் அங்கேயே நிற்கிறாள் என்று தெரிந்தது; கதவு சாத்தும் சத்தம் கேட்கவில்லை. முனைக்கு வந்ததும் நின்றார். கோலை வலது பக்கம் நீட்டித் தட்டினார். கோல் முனை மண் சரிவில் இறங்கியது, ஆழமாக. பிறகு இடது பக்கமும் தட்டிப் பார்த்தார். கெட்டித் தரை. அதற்குப் பிறகுதான் காலை எடுத்து வைத்தார்.