கோடை விடுமுறைக்கு டெஸ்ஸா எடுத்த புத்தகம்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இதை இப்போது சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்லை என்று தெரியும். ஆனாலும் சொல்கிறேன்.

நெப்ராஸ்காவில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். வருஷா வருஷம் மே மாதம் பள்ளி பூட்டும்போது, விடுமுறையில் படிக்கச் சொல்லி ஒரு பட்டியல் கொடுப்போம். ஒரு பிள்ளையும் அதைத் தொடாது. ஆகஸ்டில் பள்ளி திறந்ததும் பின்னட்டையைப் பார்த்து நாலு வரி எழுதிக்கொண்டு வந்து நிற்கும். தொண்ணூற்றெட்டில் எனக்குப் பொறுமை போய்விட்டது. பட்டியலைக் கிழித்து குப்பைத்தொட்டியில் போட்டேன்.

"உங்களுக்கு எது வேணுமோ அதப் படிங்க. சமையல் புத்தகமா இருக்கட்டும், டிராக்டர் ரிப்பேரா இருக்கட்டும். ஏன் அத எடுத்தீங்கன்னு மட்டும் ஒரு அட்டையில எழுதிக் குடுங்க" என்றேன்.

வகுப்பே ஹோவென்று கத்தியது. டெஸ்ஸா க்ரீல் மட்டும் சத்தம் போடவில்லை. அவள் எப்போதுமே அப்படித்தான். பதினாலு வயதுப் பெண், இருக்கிற இடம் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா ஒரே ஒரு பெட்டியோடு ஊரைவிட்டுப் போனவள், திரும்பி வரவில்லை. அப்பா ராய்ஸ் டிராக்டர் விற்கிறவர். தேவாலயத்தில் முதல் வரிசையில் நின்று பாடுவார், மனைவி பேச்சு வந்தால் கண் கலங்குவார். ஓடுகாலி என்று அந்தப் பெண்பிள்ளையை ஊரே ஏசியது. ராய்ஸுக்கு வீடு தவறாமல் சாப்பாடு போனது. நானும் ஒரு தட்டு சீஸ் நூடுல்ஸ் செய்துகொண்டு போய்க் கொடுத்தேன், மகராசி!

டெஸ்ஸா எடுத்தது ஒரு சுற்றுலாக் கையேடு. மேற்கே ஆரிகன் மாநிலத்துக் கடற்கரை ஊர்களைப் பற்றியது. அட்டையில் 'பிடித்திருக்கிறது' என்று ஒற்றை வார்த்தை எழுதியிருந்தாள்.

"இது ஒரு காரணமாம்மா? மனசுல இருக்கறத எழுது."

"இத யாரு மிஸ் படிப்பாங்க?"

"நான் மட்டும்தான். ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

அவள் எழுதி, அட்டையைக் கவிழ்த்துக் கொடுத்தாள்.

'என் அம்மா ஹேலர் பே என்ற ஊரில், படகுத்துறை பக்கத்து ரொட்டிக்கடையில் வேலை செய்கிறார். கடிதத்தில் மழை பெய்கிறது என்று மட்டும்தான் எழுதுகிறார். அவர் தினமும் நடக்கிற தெரு எப்படி இருக்கும் என்று இந்தப் புத்தகத்தில் பார்க்க வேண்டும்.'

படித்துவிட்டு அழுதேன். அந்தப் பெண்ணுக்கு அம்மா என்று மிச்சமிருந்தது அந்தக் கடிதங்களும் ஊர்ப் பெயரும்தான். ராய்ஸ் காதில் விழுந்தால் அதுவும் போச்சு. யார் படிப்பார்கள் என்று அவள் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? எனக்கு உறைத்ததெல்லாம், என்ன அழகாக எழுதியிருக்கிறாள் என்பதும், எழுத வைத்தது நான் என்பதும்தான்.

ஜூனில் பள்ளி நிர்வாக போர்டு கூட்டம். என் திட்டம் தொடரலாமா என்று ஓட்டெடுப்பு. வழக்கமாகப் பத்துப் பேர்கூட வரமாட்டார்கள். அன்றைக்கு மைதானத்துக்குப் புது விளக்குப் போடுகிற பேச்சும் இருந்ததால் அறை நிறைந்துவிட்டது. ராய்ஸ் கடைசி வரிசையில் இருந்தார். வணக்கம்கூடச் சொன்னேன்.

போர்டில் மிசஸ் பிட்னர் என்று ஒரு அம்மாள். எதற்கெடுத்தாலும் குறுக்கே விழுவாள்.

"டிராக்டர் புக்கப் படிக்கறதுக்கு எதுக்கு மேடம் ஸ்கூலு? நீங்க வேலைய மிச்சம் பண்ணிட்டு லீவுக்குப் போறீங்க, அவ்வளவுதானே?"

எனக்குச் சுரீர் என்று ஏறியது.

"பிள்ளைங்கள நம்பி விட்டா என்ன எழுதுறாங்கன்னு தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. ஒண்ணே ஒண்ணு காட்டுங்களேன் பாப்போம்!"

அட்டை கைப்பையில் இருந்தது. ஏன் இருந்தது என்று கேட்காதீர்கள். மூன்று வாரமாக அதை யாரிடமாவது காட்டிப் பெருமை அடித்துக்கொள்ளத் தவித்துக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று, நிறுத்தி நிதானமாகப் படித்தேன். பெண்ணின் பெயரைச் சொல்லவில்லை. மற்றது எல்லாவற்றையும் சொன்னேன்.

மிசஸ் பிட்னரே மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நாலு ஓட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் என் திட்டம் ஜெயித்தது. கைதட்டினார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

வாசலில் ராய்ஸ் வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் நிறைய தண்ணீர்.

"ரொம்ப நல்லாப் படிச்சீங்க மேடம். அந்த ஊரு பேரு என்ன சொன்னீங்க? சரியா காதுல விழல."

சொன்னேன். அவர் கூட்ட அறிக்கைத் தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். ரொட்டிக்கடை படகுத்துறை பக்கம்தானே என்று கேட்டார். ஆமாம் என்று அதையும் சொன்னேன், பாவி!

ஆகஸ்டில் பள்ளி திறந்தது. எல்லோரும் படித்த புத்தகத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார்கள். டெஸ்ஸா மேஜையில் ஒன்றும் இல்லை. மணி அடித்ததும் அவளை நிறுத்தினேன்.

"எழுதலையா? புத்தகம் பிடிக்கலையா?"

"படிக்கவே இல்ல மிஸ். நேராப் போயே பாத்துட்டோம். அப்பா கூட்டிட்டுப் போனாரு."

"டெஸ்ஸா, நான் உன் பேரைச் சொல்லவே இல்லம்மா."

"ஊரு பேரச் சொன்னீங்களே மிஸ்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பஸ் நேரம் சொல்வதுபோலச் சொன்னாள். வழியெல்லாம் அப்பா பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டினாராம். அந்த ஊர் போய்ச் சேர்ந்ததும் மகளைக் கடைக்குள்ளே முன்னால் நடக்கவிட்டு, பின்னாலேயே போனாராம். அம்மா கையில் ரொட்டித் தட்டோடு நின்றிருக்கிறாள்.

"அம்மாவோட வாய் ஓரத்துல ஒரு பழைய தழும்பு இருக்கும் மிஸ். அப்பா பண்ணது. அத அப்படியே கையால மூடிக்கிட்டாங்க. அப்பாவப் பாக்கவே இல்ல. என்னையத்தான் பாத்தாங்க. 'நீயா சொன்ன?'ன்னு கேட்டாங்க."

"நீ என்னம்மா சொன்ன?"

"அப்பா கை என் தோள்ல இருந்துச்சு. ஆமான்னேன்."

மறுநாள் காலையில் ராய்ஸ் திரும்பவும் போனபோது, ராத்திரியோடு ராத்திரியாக அந்த அம்மாள் கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டாள் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எங்கே என்று அவருக்கும் தெரியாது. அம்மாவின் கடிதங்கள் டெஸ்ஸாவின் தோழி வீட்டு விலாசத்துக்குத்தான் வரும். ஜூலையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"உங்க அம்மாவுக்கு நான் எழுதறேன்மா. நாந்தான் உளறினேன்னு எழுதறேன்."

"எந்த விலாசத்துக்கு மிஸ்?"

அவள் பையை மாட்டிக்கொண்டாள்.

"நான் போகட்டுமா? லேட்டானா அப்பா திட்டுவாரு."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ராய்ஸ் வண்டியை நிறுத்தி, மகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார். நிமிர்ந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். நானும் கையை ஆட்டினேன்.