யார் வீட்டு இருமல்

கூடத்தில் எல்லோரும் மருமகளின் அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தார்கள். மாமியார் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். மருமகளின் அப்பா ஒரு தையற்காரர். நாற்காலியின் விளிம்பில் பாதி உட்கார்ந்தும் பாதி உட்காராமலும் இருந்தார். பெண்ணைக் கொடுத்தவர்கள் சம்பந்தி வீட்டு நாற்காலியை முழுதாகப் பயன்படுத்துவதில்லை.

மருமகள் அடக்கிப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்து அழுத்தியும் பார்த்தாள். கடைசியில் அது வந்தேவிட்டது, நீளமான வறட்டு இருமல்.

"கேட்டுக்கிட்டீங்களா சம்பந்தி?" என்றாள் மாமியார். "சீக்குப் பொண்ண மூடி மறைச்சு எங்க தலையில கட்டிட்டீங்க."

கல்யாணத்துக்கு முன்னால் தன் மகள் இப்படி ஒருநாளும் இருமியதில்லை என்றார் தையற்காரர். பெண்ணின் அப்பா வேறு எப்படிச் சொல்வார் என்கிற மாதிரி எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

இத்தனைக்கும் அந்த வீட்டுக்கு இருமல் புதிதல்ல. மாமனார் வருஷக்கணக்காக இருமிக்கொண்டிருக்கிறார். கல் அரைக்கும் மில்லில், முகத்தில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் வேலை பார்த்த காலத்தில் பிடித்தது. வீட்டில் அதற்கு 'உழைச்ச இருமல்' என்று பெயர். அவர் இருமினால் வெந்நீர் வரும். மருமகள் இருமினால் அவள் பிறந்த வீட்டுப் பேச்சு வரும். ஆண் இருமினால் உழைப்பு, பெண் இருமினால் பரம்பரை என்று அங்கே வைத்தியம் எப்போதோ முடிவாகியிருந்தது.

தீர்ப்புச் சொல்ல வந்திருந்தவர் மாமியாரின் அண்ணன். அதே மில்லில் மேஸ்திரி. வெள்ளைக்கல்லை முகப்பவுடரைவிட நைசாக அரைத்துக் கண்ணாடித் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் மில் அது. அங்கே எல்லோரும் அந்தத் தூளைச் செல்லமாக 'மாவு' என்பார்கள். மாவு என்று பெயர் வைத்துவிட்டால் அதன் மேல் யாருக்குப் பயம் வரும்? மேஸ்திரிக்கு மட்டும் வரும். வாரத்தின் முதல் நாள் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேசாமல் அவர் மெஷினை ஓட விடமாட்டார்.

அந்தப் பேச்சு மருமகளுக்கு மனப்பாடம். மேஸ்திரியிடம் வேலை பார்க்கும் அவள் கணவன், சமையற்கட்டு வாசலில் நின்று தாய்மாமனைப் போலவே நடித்துக் காட்டுவான். வயிற்றை முன்னால் தள்ளி, குரலை மூக்குக்கு ஏற்றிக்கொள்வான்.

"கண்ணுக்குத் தெரியற தூசி கீழ விழுந்துடும். தெரியாத தூசிதான் எமன். வாசனை இருக்காது, தண்ணியில கரையாது. நெஞ்சுக்குள்ள போய் உக்காந்துட்டா காலி பண்ணவே மாட்டான்."

அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறுவாள். சட்டங்களும் அப்படித்தான் அவளுக்குத் தெரியவந்தன. மில்லில் காய்ந்த தரையைப் பெருக்கக் கூடாது, நனைத்துத்தான் வழிக்க வேண்டும். உடம்பில் ஒட்டிய மாவைக் காற்றுக் குழாயால் ஊதிக்கொள்ளக் கூடாது. முகமூடி முகத்தோடு இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும், அதனால் தாடி கூடாது. கணவன் வேலைக்குப் போகுமுன் தினமும் ஷேவ் செய்வதைப் பார்த்து, புது மாப்பிள்ளை மோகம் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைக் கேலி செய்தார்கள். அவன் ஷேவ் செய்தது மேஸ்திரிக்காக என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் இந்தச் சட்டமெல்லாம் மில் வாசலோடு நின்றுவிடும். அவன் வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்து கழற்றிப் போடுவான். அதை உதறிவிட்டுத்தான் நனைக்க வேண்டும் என்பது மாமியாரின் சட்டம். உதறாமல் நனைத்தால் வாளியெல்லாம் சேறாகும், சோப்பு நுரைக்காது. முன்பெல்லாம் கொல்லைப்புறத்தில், திறந்த வெளியில், மாமியாரே உதறினாள். மகனின் கல்யாணத்துக்காகக் கொல்லையில் ஓர் அறை எழுப்பியபின் மிச்சமானது ஜன்னலில்லாத ஒரு குறுகிய நடை. உதறுகிற வேலை அந்த நடைக்கு வந்தது. மருமகளின் கைக்கும் வந்தது.

ஒருமுறை அவள் துணியை உதறாமல் நேரே தண்ணீரில் முக்கினாள். வந்திருப்பது சோம்பேறி என்று அன்றே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. கணவனிடம் சொன்னதற்கு, "அது மில்லு சட்டம். வீட்டுக்கு என்ன?" என்றான். கெட்டவனில்லை. அம்மா சம்பந்தப்பட்ட எதிலும் சற்று மெதுவாக யோசிப்பவன், அவ்வளவுதான்.

இப்போது கூடத்தில் அவள் வாயைத் திறந்தாள். "மேஸ்திரி மாமா, இது அந்த மாவாலதான்."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அந்தக் கூடத்தில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. ஆனால் ஆமாம் என்று சொன்னால், உதறச் சொன்ன தங்கை குற்றவாளி ஆகிவிடுவாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"மாவு மில்லுல இருக்கு, நீ வீட்டுல இருக்க. பொம்பளைக்கு வர்ற சீக்கு பொறந்த வீட்டுச் சீக்குதான். அங்கயே போய்த் தீத்துக்கிட்டு வரட்டும். தீரலைன்னா அப்புறம் பேசிக்கலாம்."

'அப்புறம் பேசிக்கலாம்' என்றால் மகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று அர்த்தம். தையற்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, துணியை உதறாமல் நனைத்துப் போடும்படி மாமியாரிடம் ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் சொன்னாள் என்பதற்காகவே மாமியார் அன்று மாலை நடையில் நின்று துணியை ஓங்கி ஓங்கி உதறினாள்.

அப்பா வீட்டில், தையல் மெஷின் சத்தத்துக்கும் வெட்டுத்துணிக் குவியலுக்கும் நடுவில் அவள் இருமல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கணவன் விடுமுறைகளில் வந்து வீட்டுச் செய்தி சொல்வான். அம்மா முன்பைவிட வேகமாக உதறுகிறாள் என்றான். அப்புறம் அம்மாவுக்குத் தொண்டை கரகரக்கிறது என்றான். அப்புறம் ஒருநாள், பேச உட்கார்ந்தால் அம்மாவால் பேசி முடிக்க முடியவில்லை என்றான். இதுதான் அந்த வீட்டில் பெரிய செய்தி. மாமியார் அதற்குச் 'சாதாரணச் சளி' என்று பெயர் வைத்திருந்தாளாம்.

கடைசியாக அவளை அழைத்துப்போக வந்தான். அன்றும் விடுமுறைதான். ஆனாலும் முகத்தை மழித்திருந்தான். அதை அவள் கவனித்தாள், மனம் இளகவும் இளகியது. வருகிறேன், ஆனால் அன்று கூடத்தில் இருந்த எல்லோரும் திரும்ப வந்து உட்கார வேண்டும் என்றாள்.

உட்கார்ந்தார்கள். அதே நாற்காலிகள், அதே சுவர். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டு அடுத்த இருமலுக்காகக் காத்திருந்தார்கள். அது சுவரோரத்திலிருந்து வந்தது. மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"மேஸ்திரி மாமா," என்றாள் மருமகள், மிகப் பணிவாக. "உங்க தீர்ப்ப நான் தட்டவே இல்ல. பொறந்த வீட்டுக்குப் போனேன், தீந்துடுச்சு. இப்ப அத்தைக்கு வந்திருக்கு. ஞாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? அத்தையோட புடவையெல்லாம் பெட்டியில எடுத்து வெச்சுட்டேன்." சற்று நிறுத்தினாள். "அத்தை பொறந்த வீடு உங்க வீடுதானே, மாமா?"

மேஸ்திரியின் மனைவியும் தங்கையும் ஒரே அடுப்படியில் கடைசியாக நின்ற நாளை அந்தத் தெரு இன்னும் மறக்கவில்லை. பெட்டி கதவோரத்தில் தயாராக இருந்தது. அதை ஒரு தரம் பார்த்தார். அடுத்த கணம், வாரத்தின் முதல் நாள் மட்டும் வருகிற குரல் கூடத்துக்குள் வந்தது.

"பொறந்த வீடு கிறந்த வீடெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. மாவுதான். கண்ணுக்குத் தெரியாத தூசிதான் எமன்..."

முழுப் பேச்சையும் பேசினார், மூக்காலேயே. மில் துணி மில்லைத் தாண்டக் கூடாது, அங்கேயே குளித்து மாற்று உடுப்பில் வர வேண்டும், நடையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், எதையும் உதறவே கூடாது. சிரிப்பை மறைக்க மருமகளின் கணவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். தையற்காரர் முதன்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

மாமியார் மட்டும் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, அன்னிக்கே உனக்குத் தெரியுமாண்ணா?"

அவர் ஆறிப்போன டீயைக் கையில் எடுத்தார். மாமியார் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள், இருமலுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

அதன்பின் நடை ஈரத்துணியால் துடைக்கப்பட்டது. மாமியாரும் மருமகளும் சேர்ந்தே நெஞ்சுப் படம் எடுத்துக்கொண்டார்கள். நல்லவேளை, சீக்கிரமே வந்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். இரண்டு பேரும் திரும்பும் வழியில் மேஸ்திரியைப் போலப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் இருமிக்கொண்டிருந்தார். நீளமான இருமல், நிற்கவே இல்லை. மருமகள் வெந்நீர் வைக்கப் போனாள். இந்தத் தடவை யாரும் அதை உழைச்ச இருமல் என்று சொல்லவில்லை. தீர்த்துக்கொண்டு வரட்டும் என்று அவரை அனுப்புவதற்கும் ஓர் இடம் இல்லை. அவர் பிறந்த வீடு அதுதான்.