சிவப்புப் பென்சிலில் திருத்திய வானம்

1.
ஐந்தரைக்கு எழுகிறேன். அடிபம்பில் இரண்டு குடம் தண்ணீர். ஸ்டவ்வுக்குக் காற்றடித்துப் பால் வைக்கிறேன். சவரம். குளியல். எட்டே முக்காலுக்கு வேங்கிக்காலிலிருந்து சைக்கிள். கதவைப் பூட்டுவதற்கு முன் அலமாரியிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுக்கிறேன். பிரிக்காமல் திரும்ப வைக்கிறேன்.

இந்தக் கதை அந்த நோட்டிலிருந்து வருகிறது. அதில் கடைசி ஒன்பது பக்கங்கள் காலி. அவற்றில்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் மனசு லேசாகும் என்றார்கள். ஆகவில்லை.

2.
முதல் தொடக்கம்: "அண்ணாமலையின் உச்சிக்கு மேல் நட்சத்திரங்கள் பூத்துக் —" வேண்டாம். மலை எங்கள் வீட்டுக்குத் தென்மேற்கே. நாங்கள் பார்த்தது வடக்கே.

இரண்டாவது: "என் மனைவி உண்ணாமலைக்குச் சிறு வயதிலிருந்தே வானத்தின் மீது —" பொய். அவள் சொன்ன ஒரு பொய் அவளை உறுத்தியது. அவ்வளவுதான்.

மூன்றாவது. 1982 வைகாசி, கீழ்பென்னாத்தூரில் எங்கள் கல்யாணம். காலை பத்து மணி வெயிலில் ஐயர் வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார். "பாத்தேன்" என்றாள். எல்லாப் பெண்களும் சொல்வதுதான். நான்காம் நாள் மொட்டை மாடியில் என்னிடம் சொன்னாள்:

"ஏங்க, நான் எங்க பாத்தேன்? ஒரு காக்கா போச்சு. அதத்தான் பாத்தேன்."

நான் பி.எஸ்சி. இயற்பியல். காட்டித் தருகிறேன் என்றேன்.

3.
வடக்கே ஏழு நட்சத்திரங்கள், கரண்டி மாதிரி. சப்தரிஷி. கிண்ணத்தின் ஓர விளிம்பிலுள்ள இரண்டையும் கோடாக நீட்டினால் துருவன். காம்பை வளைத்துக்கொண்டே போனால் சுவாதி, இன்னும் போனால் சித்திரை. காம்பின் நடுவில் வசிஷ்டர். அவரை ஒட்டி, மங்கலாக, அருந்ததி.

"செஞ்சி பஸ்ஸு மாதிரி இருக்குதுங்க. சப்தரிஷி ஸ்டாண்டுல ஏறி, சுவாதி தாண்டி, சித்திரைல எறங்கிக்கலாம். கண்டக்டர்தான் சிடுசிடுன்னு இருக்காரு."

கண்டக்டர் நான். பார்த்ததை அவள் நோட்டில் புள்ளி வைத்து வரைவாள். நான் சிவப்புப் பென்சிலால் திருத்துவேன்.

(இந்தப் பாத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை. மனைவியின் நோட்டைத் திருத்துகிறவன். இளக்கி எழுதலாம். மாட்டேன்.)

ஒரு மாதத்தில் அருந்ததியை எனக்கு முன்னால் அவள் கண்டுபிடித்தாள். ஆவணியில் சப்தரிஷி மாலை வானத்தை விட்டுப் போனது. மாசியில் திரும்பி வந்தபோது அவளுக்கு ஐந்து மாதம்.

4.
பங்குனிக் கடைசியில் ஒருநாள், "வசிஷ்டர் தனியா நிக்கறாரு. வூட்ல சண்டையா?" என்றாள். தூசி, என்றேன். மறுநாளும் அவளுக்குத் தெரியவில்லை. பெண்ணைப் பார்க்க வந்திருந்த என் மாமியார் மணியம்மாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அருந்ததி தெரியலன்னா ஆயுசு கம்மின்னுவாங்க மாப்ளே. எதுக்கும் டாக்டரம்மாகிட்ட ஒருநடை காட்டிடலாமே. காலு வேற வீங்கியிருக்குது."

சிரித்தேன். காற்றிலுள்ள தூசி ஒளியை எப்படிச் சிதறடிக்கிறது என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

(இந்த இடத்தில் மூடநம்பிக்கை பற்றி ஒரு பத்தி எழுதுவதாக இருந்தேன். மூடநம்பிக்கை டாக்டரிடம் போகச் சொன்னது. இயற்பியல் தூசி என்றது. பத்தி முடிந்தது.)

5.
நோட்டில் 10-4-83 தேதியிட்ட பக்கம். இல்லாத இடங்களிலெல்லாம் புள்ளிகள்.

"இன்னிக்கு ஜாஸ்தியா இருக்குதுங்க. மினுக் மினுக்குனு நகருது. தலை வேற வலிக்குது."

"நட்சத்திரம் நகராது. ஒழுங்கா வரை."

பதினேழு புள்ளிகளின் மேல் சிவப்பில் பெருக்கல் குறி போட்டேன். வசிஷ்டர் பக்கத்தில் ஒன்றுமில்லை. அங்கே வட்டமிட்டு, "கவனம்" என்று எழுதினேன். இந்தக் கதையைத் தொடங்கிய பக்கத்துக்குப் பின்பக்கம் அதுதான். எழுத்து அழுந்தித் தெரிகிறது.

இரவு பத்து மணிக்கு அவளுக்கு வலிப்பு வந்தது. ஆஸ்பத்திரியில், விடிவதற்குள், அவளும் இல்லை, குழந்தையும் இல்லை.

டாக்டரம்மா கேட்டார்: "கண்ணு மங்குதுன்னாங்களா? பூச்சி பறக்கற மாதிரி தெரியுதுன்னாங்களா?"

"இல்லீங்க." பிறகு சொன்னேன்: "நட்சத்திரம் ஜாஸ்தியா இருக்குதுன்னா."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "அது ரத்தக் கொதிப்புங்க" என்றார்.

6.
முடிவுகள்.

அ) அவன் பென்சிலைக் கீழே வைக்கிறான். வாடகைக் கார் பிடித்து அவளை அன்று மாலையே — இதை நான்கு முறை எழுதினேன். நான்கு முறையும் கார் ஆஸ்பத்திரி வாசலுக்கு வரும்போது கை நின்றுவிடுகிறது.

ஆ) ஆபீஸ் நண்பன் ராஜேந்திரன் சொன்னது: "கடைசில அவங்களே ஒரு நட்சத்திரமா ஆயிட்டாங்கன்னு முடிச்சிடுப்பா. படிக்கறவங்க அழுதுடுவாங்க." அவனை எழுந்து வெளியே போகச் சொன்னேன். உங்களுக்கும் அந்த முடிவுதான் வேண்டுமென்றால் நீங்களும் போகலாம்.

இ) முடிவில்லை. நடந்தது மட்டும்.

பெருக்கல் குறிகளைப் போட்டு முடித்ததும் அவள் முகவாயைப் பிடித்து வடக்கே திருப்பினேன். "வசிஷ்டர் பக்கத்துல. நல்லாப் பாரு. போன வருஷம் தெரிஞ்சது இப்ப எப்படித் தெரியாமப் போகும்?" அடுத்த வீட்டுக்குக் கேட்கும் குரலில் கத்தினேன்.

வெகுநேரம் பார்த்தாள். பிறகு ஒன்று சொன்னாள். சுவரைப் பிடித்தபடி இறங்கிப் போய்ப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

முடிவை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னதை மட்டும் திருத்தாதீர்கள்.

"தெரியுதுங்க. கோவிச்சுக்காதீங்க."