பிலோமினம்மாவை எடுத்தாயிற்று

நாட்பட்ட மலச்சிக்கலைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஆள் சேர்ப்பதைப் போல அலுப்பான வேலை வேறு இல்லை. குறிகட்டுவானில் படகேறி, குடல் குலுங்க நெடுந்தீவுக்கு வந்து, ஊராரைப் பார்த்து "ஒழுங்காப் போகுதோ?" என்று கேட்க வேண்டும். சிக்கல் உள்ளவர்கள் வெட்கத்தில் இல்லை என்பார்கள். இல்லாதவர்கள், எடுபட்டால் யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டர் பார்ப்பார் என்ற ஆசையில் ஓம் என்பார்கள்.

பிலோமினம்மா மட்டும் உள்ளதைச் சொன்னார். கடற்தொழில் செய்யும் வீட்டுக்காரி.

"மூண்டு வருசமாக் கஷ்டம் பிள்ளை. அக்காவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. கடைசியிலைதான் புற்றுநோயெண்டு சொன்னவை. என்னை ஒருக்கா அந்த டொக்டருக்குக் காட்டிவிடும்."

"மருந்தேதும் எடுத்தனீங்களோ?"

"நேற்று ஆமணக்கெண்ணெய் குடிச்சனான்" என்றார் பெருமையாக.

எனக்கு எரிச்சல் வந்தது. பேதிக்குக் குடித்தவர்களை இரண்டு கிழமைக்குச் சேர்க்க முடியாது.

"ஏனம்மா குடிச்சனீங்கள்?"

"டொக்டரிட்டைப் போறதெண்டா முழுகி, தோய்ச்ச சீலை உடுத்துத்தானே வாறனாங்கள். வயித்துக்கை மட்டும் ஊத்தையோடை வரலாமோ?"

பேதிக்கு ஒன்றும் குடிக்காமல் இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னேன்.

வந்தார். முகம் வாடி, வயிறு ஊதி, கதிரையில் நிமிர்ந்து இருக்க முடியாமல் இருந்தார். சொன்னபடி ஒன்றையும் தொடவில்லை. பார்க்கப் பாவமாக இருந்தது. கேள்விகளை வேகமாகக் கேட்டேன். எல்லாம் பொருந்தி வந்தது. ஒன்றுதான் மிச்சம்.

"போகேக்கை இரத்தம் ஏதும் போகுதோ?"

"ஓம் பிள்ளை. கொஞ்ச நாளா."

பேனையை வைத்துவிட்டேன். இரத்தம் போகிறவர்களை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. அவர்களுக்கு உடனே வைத்தியம் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். பின்னேரப் படகிலேயே கூட்டிவரும்படி டொக்டர் சொன்னார்.

"என்னவாம் பிள்ளை? டொக்டர் என்னைப் பாப்பாரோ?"

"ஓமம்மா. இண்டைக்கே."

அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பி, வெளியே காத்திருந்த பெண்களிடம், "என்னை எடுத்திட்டினம்!" என்றார். அவர்கள் பொறாமையோடு பார்த்தார்கள்.

ஆராய்ச்சிப் படிவத்தில் 'எடுபடவில்லை' என்று எழ்தி மூடினேன். அவருடைய பையையும் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு நடந்தேன்.